படி இல்லாத ஜீப்

அண்ணன் செத்த பிறகு எங்கள் ஜீப்பைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் விசாரித்தது படியைத்தான். "படி நசுங்கிப் போச்சேப்பா, மறுபடியும் எப்ப போடுவ?" காரியம்கூட முடியவில்லை. அண்ணி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குழந்தை, வந்தவர்களின் செருப்புகளை எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. இவர்கள் வாசலில் நின்று, சந்தையில் மாட்டின் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பதுபோல ஜீப்பின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் கையையும் தட்டிவிட வேண்டும்போல இருந்தது எனக்கு. சிலர் கையைத் தட்டியும் விட்டேன்.

அது பட்டாளத்தில் கழித்துவிட்டு ஏலம் போட்ட பழைய ஜீப். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு வந்தபோது ஊரே சிரித்தது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னை வளர்த்தது அண்ணன்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று நானே முடிவு பண்ணி, ஜீப்பில் கிளீனராக ஏறிக்கொண்டேன். அண்ணன் கன்னத்தில் ஒன்று விட்டான். அப்புறம் ஸ்பேனரைக் கையில் கொடுத்தான்.

ஏரியூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மலைக்கு ஏறும் பாதை ஒன்று பிரியும். காட்டிலாக்காக்காரர்கள் மரம் இறக்குவதற்காக வெட்டிய பாதை. மரம் தீர்ந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். பாதை மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு ஜீப் போகும் அளவுக்கு இடம். மேலே இருக்கும் ஊர்களிலிருந்து புளி, சாமை, ஆமணக்கு எல்லாம் அதில்தான் இறங்கும். சரக்கு முழுவதும் ஒரே மண்டிக்காரருக்குப் போகும். அவர் ஜீப்புக்குள் மேல்துணி முட்ட மூட்டை அடுக்குவார். அதற்குப் பிறகு மனிதர்களுக்கு மிச்சம் இருக்கும் இடம் வண்டிக்கு வெளியேதான். அதற்காகத்தான் படி. இரண்டு பக்கமும் ஓரத்தில், ஒரு ஜாண் அகலத்துக்குப் புள்ளி போட்ட தகடு. அதில் வரிசையாக நின்று, மேல்துணியைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜனம் வரும்.

எங்கள் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது. வளைவு வந்ததும் அண்ணன், "மேட்டுப் பக்கம்!" என்று கத்துவான். பள்ளத்துப் பக்கப் படியில் நிற்பவர்கள் இறங்கி ஓடி, பாறைப் பக்கப் படியில் ஏறிக்கொள்வார்கள். எல்லோருமாக முதுகை வெளியே தள்ளிச் சாய்ந்து நிற்பார்கள். அந்தப் பாரத்தில் ஜீப் பள்ளத்துப் பக்கம் சாயாமல் வளைவைத் தாண்டும். நானும் எத்தனையோ தடவை அப்படிச் சாய்ந்து நின்றிருக்கிறேன். விளையாட்டு மாதிரி இருக்கும். தாண்டியதும் எல்லோரும் கூச்சல் போடுவோம்.

அன்றைக்கு நான் இல்லை. ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்திருந்தது, அதற்கு மாற்று வாங்கத் தருமபுரிக்குப் போயிருந்தேன். புளிக் காலம். பாரத்தோடு இறங்கும்போது, பாறை வளைவில் விளிம்பு மண் உடைந்து இடது முன் சக்கரம் இறங்கிவிட்டது. ஜீப் உடனே கவிழவில்லை. சாய்ந்தபடி கொஞ்ச நேரம் நின்றது என்று எல்லோருமே சொல்கிறார்கள். மேட்டுப் பக்கம் நின்றவர்களின் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. அப்புறம் ஒருவன் குதித்தான். உடனே எல்லோரும் குதித்தார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. உள்ளே மூட்டைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில், பள்ளத்துப் பக்கச் சீட்டில் அண்ணன் இருந்தான்.

முதலில் குதித்தது யார் என்று நான் ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒவ்வொருவனும் இன்னொருவனைச் சொன்னான்.

மாடு கட்டி ஜீப்பை மேலே இழுத்தபோது பார்த்தேன். பள்ளத்துப் பக்கப் படி காகிதம் மாதிரி மடங்கி வண்டியின் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அதை வண்டியின் தகரத்தில் முடுக்கியிருந்தார்கள், அடியில் இருக்கும் சேஸில் இல்லை. சக்கரம் இறங்கியபோது அந்த ஓரத்தில் சேஸோடு சேர்ந்த இரும்பு ஒன்று இருந்திருந்தால், வண்டி விளிம்பு மேல் உட்கார்ந்திருக்கும், கவிழ்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. மெக்கானிக்குகளில் சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். ஆமாம் என்றவர்களை மட்டும் நான் நம்பினேன்.

சொந்தக்காரர்கள் வண்டியை விற்கச் சொன்னார்கள். ஆளை விழுங்கின வண்டி, வாசலில் நிற்கக் கூடாது என்றார்கள். அண்ணி அதுவரை யாரிடமும் பேசாமல் இருந்தவள், உள்ளேயிருந்தபடியே சொன்னாள்.

"வித்தா வாங்கறவன் படி வெச்சிதான் ஓட்டுவான். அந்தப் படியில அதே ஆளுங்க ஏறி நிப்பாங்க. வண்டி எங்கூட்லயே கெடக்கட்டும்."

"பொம்பள பேசற பேச்சா இது?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"நான்தான் பேசறன். கேக்க முடியலன்னா காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

மண்டிக்காரர் வந்தது காரியம் முடிந்த பிறகு. நல்ல உடம்பு. உட்கார்ந்தால் நாற்காலி சத்தம் போடும். அண்ணன் படத்துக்கு மாலை வாங்கி வந்திருந்தார். அதைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே சரக்கைப் பற்றிப் பேசினார்.

"தம்பி, மேல மூட்டை கட்டிக் கெடக்குது. உங்கண்ணன் நடத்தியாந்த தொழில் நின்னு போகக் கூடாது. நீதான் ஓட்டணும். படிய மட்டும் இந்தத் தடவை நல்லா அகலமா போட்டுடு."

"படி வேணாங்க."

"ஏம்பா?"

"அதுல நின்னவங்கதான குதிச்சாங்க."

"அது விதி. படி என்னா பண்ணும்?"

"விதியா படியில நின்னுக்கிட்டு வந்துது? ஆளுங்கதான நின்னாங்க?"

அவர் முகம் மாறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "வளைவுல மேட்டுப் பக்கம் நாலு பேரு நின்னாத்தான் வண்டி சாயாது. உங்கண்ணனே பழக்கி வெச்சது அது. நீ அவன விடப் பெரிய டிரைவரா?"

"மூட்டை குதிக்காதுங்க. மனுசன் குதிப்பான். குதிக்கிறத நம்பி வண்டி ஓட்ட என்னால ஆவாது."

"சின்னப் பையன். துக்கத்துல பேசற" என்று எழுந்தார். துக்கத்தில்தான் பேசினேன். துக்கத்தில் பேசுவதெல்லாம் பொய்யா என்ன?

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாயின் வெல்டிங் பட்டறை இருந்தது. அண்ணனுக்குப் பழக்கமான இடம். எஞ்சினை ஓடும்படி சரி பண்ணி, ஜீப்பை அங்கே கொண்டு போனேன். பாய்க்குப் பேச்சு நிற்காது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீப்பொறி பறக்க வேலை செய்யும்போதுகூடப் பேசிக்கொண்டேயிருப்பார். என்னைப் பார்த்ததும் மட்டும் கொஞ்சம் சும்மா இருந்தார். அப்புறம் அவரால் முடியவில்லை.

"வாப்பா. படிதான? தகடு புதுசா வந்திருக்குது. ரெண்டு பக்கமும் போட்டுத் தர்றன்."

"படி வேணாம் பாய். ஓரத்துக்கு இரும்பு வேணும். பாறை இடிச்சா வாங்கிக்கணும். வண்டி வயிறு கல்லு மேல உக்காந்தா தாங்கணும். சேஸ்ல புடிக்கணும், தகரத்துல வேணாம். ஆனா எவனும் அது மேல நிக்கக் கூடாது."

பாய் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "என்னாப்பா இது, ஜீப்புக்கு வேலி போடறியா?"

"அப்பிடியே வெச்சிக்கங்க."

"பத்து பேரு நிக்கற மாதிரி போடுன்னுதான் எல்லாரும் வர்றானுங்க. எவனும் நிக்க முடியாத மாதிரி போடுன்னு வந்தவன் நீ ஒருத்தன்தான். படி இல்லாத ஜீப்ப ஜனம் வண்டின்னே மதிக்காதுப்பா."

"மதிக்க வேணாம். நிக்காம இருந்தா போதும்."

முதலில் மடங்கிக் கிடந்த பழைய படியை அறுத்து எடுத்தார். எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். நான் பக்கத்தில் கிடந்த சம்மட்டியை எடுத்து அந்தத் தகட்டை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அழுதுகொண்டே அடித்தேன். பட்டறையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய் தடுக்கவில்லை. "முடிஞ்சிதா? அடிச்சதுல நல்லா தட்டையாயிடுச்சி, எடைக்காரன் சந்தோசப்படுவான்" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் ஒவ்வொரு இரும்பாக இழுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று பார்த்தேன். முதலில் 'ப' மாதிரி மடங்கிய சேனல். கெட்டியான இரும்புதான். ஆனால் மேல்பக்கம் தட்டையாக இருந்தது. ஏறி நின்றால் கால் சுகமாக இருந்தது.

"இதுல கட்டிலே போட்டுத் தூங்கலாம் பாய். வேணாம்."

அடுத்தது எங்கிருந்தோ வந்த தண்டவாளத் துண்டு. அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"இத மாட்டினா உன் ஜீப்பு மலை ஏறாது, நீதான் ஜீப்பத் தூக்கிக்கிட்டு ஏறணும். இத பள்ளிக்கூடத்துல மணியா தொங்கவிடலாம், அவ்வளவுதான்."

மூன்றாவது, கிணற்று மோட்டாருக்குப் போடும் பெரிய பைப். உருண்டை. நான் ஏறினேன். செருப்பு சர்ரென்று வழுக்கியது, விழப் போனேன். பாய் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோசம்.

"இதான் பாய்! இதுல எவனும் நிக்க முடியாது!"

அன்றைக்கு நான் போட்டிருந்தது அண்ணன் செருப்பு. அவன் கால் என் காலை விடப் பெரியது. நடந்தாலே எனக்கு வழுக்கும். அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

இரண்டு பக்கமும் பைப் போட்டு, சேஸோடு சேர்த்துப் பிடித்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு மலை ஏறினேன். பாறை வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்க மாட்டேன் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டேன்.

மேலே மூட்டை ஏற்றினார்கள். நான் பெருமையாக ஒரு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஏறட்டும், வழுக்கி விழட்டும் என்று காத்திருந்தேன். முதலாவது ஆள் வந்தான். காலில் செருப்பு இல்லை. அங்கே யாருக்குமே செருப்பு இல்லை. பாறையிலும் மரத்திலும் ஏறி இறங்கும் கால்கள். கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை இன்னொரு பக்கமும் போட்டுப் பைப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கிளையில் கோழி நிற்பது மாதிரி நின்றான்.

"நல்லாப் போட்டிருக்கடா! பழைய தகடு வெயில்ல சுடும். இது எவ்வளவோ தேவல."

ஒருவன் பின் ஒருவனாக ஏறி நின்றார்கள். புளியமரத்தில் ஏறுவது போலவே இருக்கிறது என்று ஒருவன் மேலும் கீழும் ஆடிக் காட்டினான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "எறங்குங்க, எறங்கினாத்தான் வண்டி போவும்" என்றேன். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கத்தாதே என்று சிரித்தார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் நான் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, தாண்டியதும் ஏற்றி, பொழுது சாய்ந்துதான் கீழே வந்து சேர்ந்தேன்.

அடுத்த தடவை பைப் முழுக்க கிரீஸ் தடவிக்கொண்டு போனேன். ஒருவன் கால் வைத்தான், வழுக்கியது. உடனே கீழே குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அதன்மேல் தூவினான். மற்றவர்களும் தூவினார்கள். கிரீஸும் மண்ணும் சேர்ந்து, படியை விட நன்றாகக் கால் பிடித்தது. "மண்ணு ஒட்டறதுக்குத்தான் கிரீஸ் போட்டியா? மூளக்காரன்டா நீ" என்றார்கள். உண்மையாகவே பாராட்டினார்கள், அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அண்ணி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அண்ணன் செத்த பிறகு அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகச் சிரித்ததைப் பார்த்தேன். கிரீஸில் மண் தூவியதைச் சொன்னபோது சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதாள். அழுதுகொண்டே காயைக் கத்திமேல் அழுத்தினாள்.

"இந்த அருவாமணை மேல எவனாவது ஏறி நிப்பானா தம்பி?"

நான் அருவாமணையைப் பார்த்தேன். கத்தி மேல்நோக்கி நின்றது.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் நின்றேன். ஆங்கிள் இரும்பு என்றால் எல்லோருக்கும் தெரியும், நடுவில் மடக்கிய அட்டை மாதிரி இருக்கும். எல்லோரும் ஒரு தட்டைப் பக்கம் மேலே வரும்படிதான் மாட்டுவார்கள். நான் அதைக் கவிழ்த்து, மடிப்பு மேலே வரும்படி, வீட்டுக் கூரை மாதிரி மாட்டச் சொன்னேன்.

"கூரு மேல வரும்பா. பாறைக்கு நல்லாதான் தாங்கும், இல்லேங்கல. எவன் காலாவது கிழிஞ்சா என்னத்தான திட்டுவான்?"

"திட்டட்டும்."

"உன்ன இல்லப்பா, என்ன! கொஞ்சம் ராவி மழுங்கடிச்சித் தர்றன்."

"ராவாதீங்க பாய். ராவினா நிப்பானுங்க. அவனுங்க கால் உங்களுக்குத் தெரியாது."

வெறுங்காலோடு நானே ஏறிக் காட்டினேன். பாதத்தின் நடுவில் அது இறங்கியது. மூச்சு விடும் நேரம்கூட நிற்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே சிரித்தேன். பாய் தலையை ஆட்டினார்.

"போட்டுத் தர்றன். ஆனா யாரு போட்டதுன்னு மட்டும் சொல்லிடாத. சேலத்துல போட்டன்னு சொல்லு."

"சொல்றன்."

"சேலத்துக்காரனத் திட்டட்டும். அவன் தூரமா இருக்கறான்."

அந்த வாரச் சந்தைக்கு முதல் நாள், மண்டிக்காரரும் என்னோடு முன் சீட்டில் மலை ஏறினார். ஏறுவதற்கு முன்பு ஆங்கிளை விரலால் தொட்டுப் பார்த்தார். வழி முழுவதும் அண்ணனைப் பற்றியே பேசினார். அவன் எப்படி யார் மனமும் நோகாமல் நடந்துகொள்வான், எல்லோரையும் ஏற்றிக்கொள்வான் என்று சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. அண்ணனால் யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அவன் இல்லை. நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

மேலே மூட்டை ஏறியது. கொஞ்சமாக அடுக்குங்கள், ஆட்கள் உள்ளே உட்காரட்டும் என்றேன். "சரி சரி" என்று சொல்லிக்கொண்டே மேல்துணி முட்ட அடுக்க வைத்தார். ஆட்கள் வந்தார்கள். ஆங்கிளைப் பார்த்தார்கள். ஒருவன் கால் வைத்துவிட்டு, "அய்யோ" என்று எடுத்தான். என் மனசு ஒரு குதி குதித்தது. ஆனால் மண்டிக்காரர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"காலிச் சாக்கு கெடக்குது பாரு. மடிச்சிக் கட்டுங்கடா."

கட்டினார்கள். இரண்டு பக்கமும் சாக்கை மடித்து மடித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மெத்தை மாதிரி ஆகிவிட்டது. ஏறி நின்றார்கள்.

"எடு தம்பி. பொழுது போவுது" என்றார்.

எடுத்தேன். பாறை வளைவு வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். அங்கே வந்ததும், வளைவுக்குள் போகாமல் முன்னாலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். விளிம்பில் உடைந்த மண் இன்னும் புதிதாகத் தெரிந்தது.

"எல்லாரும் எறங்குங்க."

"என்னாடா இது? மேட்டுப் பக்கம் போறம், நீ ஓட்டு" என்றான் ஒருவன்.

"மேட்டுப் பக்கமும் வேணாம். எந்தப் பக்கமும் வேணாம். சாக்க அவுத்துட்டு எறங்குங்க. இல்லன்னா வண்டி இங்கியேதான் நிக்கும். நான் நடந்தே வூட்டுக்குப் போயிடுவன்."

"திமிரு ஏறிப் போச்சி" என்றார் மண்டிக்காரர். "யாரும் எறங்காதீங்க."

நான் இறங்கிப் பாறைப் பக்கம் போனேன். அங்கே முதலாவதாக நின்றவன் அண்ணன் வயசுக்காரன். அண்ணனோடு சேர்ந்து சாப்பிட்டவன், எங்கள் வீட்டில் வந்து படுத்து எழுந்து போனவன். அவனைத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு மொதல்ல குதிச்சது யாரு?"

மற்றவர்கள் அங்கே இங்கே பார்த்தார்கள். அவன் என்னையே பார்த்தான்.

"நாந்தான்" என்றான். "நாந்தான்டா குதிச்சன். வண்டி சாஞ்சிது, உசுரு, குதிச்சிட்டன். அவன் என் பேரச் சொல்லிக் கூப்புட்டான், குதிச்ச அப்பறம்தான் அது எனக்குக் கேட்டுது. நீயா இருந்தாலும் குதிச்சிருப்ப!"

நான் அவனை அடிப்பேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வழி முழுக்க அதற்குத்தான் கையைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"குதிச்சிருப்பன். நானும் குதிச்சிருப்பன். எவனா இருந்தாலும் குதிப்பான். அதனாலதான் எவனும் நிக்க வேணாங்கறன்."

அவன் கீழே இறங்கினான். சாக்குக் கயிற்றை அவிழ்க்க முயன்றான், முடிச்சு இறுகியிருந்தது. இடுப்பிலிருந்த கொடுவாளை எடுத்து அறுத்தான். மற்றவர்களும் இறங்கினார்கள். ஒருவன் முணுமுணுத்தான், ஒருவன் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினான். திட்டினாலும் இறங்கினான்.

மண்டிக்காரர் மட்டும் முன் சீட்டில் அப்படியே இருந்தார். "நான் எறங்க மாட்டன். என் சரக்கு. நான் உக்காந்துதான் வருவன்."

"இருங்க" என்றேன். "நீங்க இருந்தா நல்லதுதான். வண்டி சாஞ்சாலும் உங்களால குதிக்க முடியாது. மூட்டையோட மூட்டையா பாரமா இருப்பீங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நான் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். கியர் போட்டேன். வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை, "இரு இரு இரு" என்று அவர் ஒரு காலை வெளியே போட்டார். அவசரத்தில் ஆங்கிளின்மேல் மிதித்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். அதை எழுத வேண்டாம்.

தனியாக வளைவுக்குள் போனேன். பள்ளம் என் பக்கம்தான். விளிம்பைப் பார்க்கக் கூடாது என்று, வலது பக்கப் பாறையைப் பார்த்தே ஓட்டினேன். பாறைக்குக் கிட்டே, இன்னும் கிட்டே ஒட்டினேன். ஆங்கிள் பாறையில் உரசியது. கர்ர்ரென்று, பல் கூசுகிற சத்தம். உரசட்டும் என்று விட்டேன். பாறையைத் தேய்த்துக்கொண்டே ஜீப் போனது. ஒரு முழம் உள்ளே தள்ளியே போனதால், உடைந்த மண்ணை என் சக்கரம் தொடவே இல்லை.

பாதி வளைவில்தான் எனக்கு அது உறைத்தது. இத்தனை நாளும் வண்டி கவிழாமல் உட்கார ஒரு இரும்பு வேண்டும் என்றுதான் நான் அலைந்தேன். ஆனால் அண்ணன் ஒரு நாளும் பாறையை ஒட்டி ஓட்டியிருக்க முடியாது. பாறைப் பக்கம் ஆட்கள் நின்றார்கள். ஒட்டினால் அவர்களுடைய முதுகும் காலும் நசுங்கியிருக்கும். அவர்கள் நசுங்கக் கூடாது என்று அவன் ஒவ்வொரு வளைவிலும் விளிம்புப் பக்கம் ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓட்டினான். வண்டியைப் பிடித்து வைப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பாரம்தான் அவனைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நானும் அதில் சாய்ந்து நின்று கூச்சல் போட்டிருக்கிறேன். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவேளை அவனுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் இறங்கு என்று சொல்லியிருக்க மாட்டான்.

வளைவைத் தாண்டி நிறுத்தினேன். அவர்கள் நடந்து வந்தார்கள். நான் இறங்கிப் போய், பாறையில் விழுந்திருந்த நீளமான கறுப்புப் பெயிண்ட் கோட்டைக் காட்டினேன். பிறகு விளிம்பைக் காட்டினேன். அண்ணன் வயசுக்காரனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் வண்டியின் பின்பக்கம் போய், மேலிருந்த மூட்டைகளை இறக்கிப் பாதையோரம் வைக்க ஆரம்பித்தான்.

"டேய், என் சரக்குடா அது!" என்று மண்டிக்காரர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"சரக்கு ஓடிப் போவாதுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றான் அவன். "ஜனம் உள்ள உக்காரட்டும்."

அதோடு மண்டிக்காரர் என்னை விட்டுவிட்டார். இப்போது பென்னாகரத்திலிருந்து ஒரு ஜீப்பை வரவழைத்திருக்கிறார். அகலமான படி வைத்தது. சரக்கும் அதில்தான் வருகிறது, அதில் நின்றுகொண்டு ஜனமும் வருகிறது. என்னைப் பார்த்தால் கூச்சல் போடுகிறார்கள். "அருவாமணை வருதுடோய், ஒதுங்குங்க" என்பார்கள். எங்கள் ஜீப்புக்கு அதுதான் பெயர் ஆகிவிட்டது. அண்ணியிடம் சொன்னேன். "சொல்லட்டும், நல்ல பேருதான்" என்றாள். எனக்குச் சவாரி குறைவுதான். உள்ளே உட்காரும் அளவுக்குத்தான் ஏற்றுகிறேன். பிரசவத்துக்குப் போகிறவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், தங்கள் சாமையைத் தாங்களே சந்தையில் விற்க நினைப்பவர்கள் வருகிறார்கள். அண்ணன் வயசுக்காரன் வந்தால் கடைசியில் ஏறி, உள்ளே மடக்கி உட்கார்ந்துகொள்வான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

பாறைப் பக்கத்து ஆங்கிளில் இப்போது பெயிண்ட் சுத்தமாக இல்லை. உரசி உரசி வெள்ளையாக மின்னுகிறது. ஏறும்போது முழங்காலுக்குக் கீழே கீறிக்கொண்டவர்கள் நிறையப் பேர். போன வாரம்கூட ஒருவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் ராவி உட்டா என்னாப்பா, உன் சொத்தா போயிடும்?" என்றார். எச்சில் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஆறிவிடும் என்று சொன்னேன். இதை யார் போட்டது என்று கேட்டார். சேலத்தில் போட்டது என்றேன். சேலத்துக்காரனை நன்றாகத் திட்டினார்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். நான் ராவ மாட்டேன்.